இல்லாத ஒருவரை இழப்பது

2012 ஜனவரியில் அர்ஜென்டினாவின் எஸெய்ஸா விமான நிலையத்தில், விமானத்துக்காகக் காத்திருந்த 68 வயதுப் பேராசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அவர் ஒப்படைத்திருந்த சூட்கேஸில் ஏறத்தாழ 2 கிலோ கொக்கெயின் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் பால் ஃபிராம்ப்டன். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் கற்பித்தவர். நோபல் பரிசு பெற்ற ஷெல்டன் கிளாஷோவுடன் சேர்ந்து துகள் இயற்பியலில் ஆய்வுக்கட்டுரை எழுதியவர்.

மணமுறிவுக்குப் பின் தனியாக இருந்த ஃபிராம்ப்டனுக்கு ஒரு டேட்டிங் தளத்தில் ஒரு பெண் அறிமுகமானாள். புகழ்பெற்ற மாடல் ஒருவரின் பெயரும் படங்களும் அந்தக் கணக்கில் இருந்தன. உண்மையான அந்த மாடலுக்கு இதெல்லாம் எதுவுமே தெரியாது. வாரக்கணக்கில் இருவரும் எழுத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் குரலை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போனில் பேசலாம் என்றால் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். பொலிவியாவின் லா பாஸ் நகரில் படப்பிடிப்பு, அங்கே வாருங்கள் என்றாள். போனார். அதற்குள் அவள் பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. தன் சூட்கேஸை விட்டுவந்துவிட்டதாகவும், அதை எடுத்துவர முடியுமா என்றும் கேட்டாள். யாரோ ஒருவர் வந்து சூட்கேஸைக் கொடுத்துவிட்டுப் போனார். நண்பர் ஒருவர் எச்சரித்தும் ஃபிராம்ப்டன் அதைச் சுமந்துகொண்டு புறப்பட்டார்.

தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று அவர் கடைசிவரை சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 4 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எனக்கு இந்த வழக்கின் தீர்ப்பைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சிறைக்குள் போன பிறகும் உடனே அவருக்கு நம்பிக்கை விட்டுப்போகவில்லை. உங்களிடம் பேசியது அவள் இல்லை, வேறு யாரோ என்று சக கைதிகள் வாரக்கணக்கில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வி, ஏமாறுவது அறிவுக்குறைவால் நடப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கேட்கப்படுவது. இணையக் காதல் மோசடியை நீண்டகாலம் ஆராய்ந்துவரும் உளவியலாளர் மோனிகா விட்டி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இதில் சிக்கியவர்களில் நடுவயதினரும் நன்கு படித்தவர்களுமே அதிகம் இருந்தார்கள். உந்துதல் வந்தால் உடனே செயல்படும் சுபாவமும் அவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பு டாம் புக்கானனுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: காதலரை அப்பழுக்கற்றவராகக் கற்பனை செய்துகொள்ளும் போக்கு உள்ளவர்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். நம் கதைகளும் சினிமாவும் காலங்காலமாகப் போற்றிவந்த குணம் அது.

பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர். 24,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பரிசோதனைகளின் முடிவுகளைச் சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்ற கணிப்புகளில் சரியாக இருந்தவை சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொன்னாலே 50 கிடைத்துவிடும். எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மை என்று எடுத்துக்கொள்வதே மனத்தின் இயல்பு நிலை, சந்தேகப்பட அதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும் என்கிறார் டிம் லெவின் என்ற ஆய்வாளர். வழி சொல்பவரை, மருந்து எடுத்துக் கொடுப்பவரை, சம்பளம் அடுத்த மாதம் வரும் என்று சொல்லும் முதலாளியை நம்பாமல் ஒரு நாளைக்கூடக் கடத்த முடியாது. சமூகமாக வாழ நமக்குக் கிடைத்த இந்த ஏற்பாட்டில்தான் மோசடிக்காரர் நுழைகிறார்.

எழுத்து வழியாக மட்டும் பேசும்போது குரல் இல்லை, முகம் இல்லை, தொடுகை இல்லை. ஆகவே அதில் உறவு வறண்டுபோகும் என்றுதான் கணினித் தொடர்பை முதலில் ஆராய்ந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். 1996-ல் ஜோசப் வால்தர் இதற்கு நேர்மாறான ஒரு கருத்தை முன்வைத்தார். சில சமயங்களில் எழுத்து வழி உறவு, நேரில் பழகும் உறவைவிட நெருக்கமாகிவிடுகிறது என்றார் அவர். எழுதுகிறவருக்குத் தன் நல்ல பக்கத்தை மட்டும் காட்ட வசதி இருக்கிறது. யோசித்து, அடித்துத் திருத்தி, சரியான சொல்லைத் தேர்ந்து அனுப்ப அவகாசமும் இருக்கிறது. படிப்பவரோ, கிடைத்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு கிடைக்காத மிச்சத்தைத் தன் ஆசைப்படி நிரப்பிக்கொள்கிறார். மோசடிக்காரர் புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கோலத்தைப் போட்டு முடிப்பவர் ஏமாற்றப்படுகிறவர். அப்படி உருவான அந்த மனிதர் இவருடைய தேவைக்கென்றே அளவெடுத்தவராக இருப்பதில் வியப்பில்லை. அவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று பின்னாளில் பலர் அழுகிறார்கள். அது உண்மைதான். அவரை உருவாக்கியது இவர்களுடைய மனம். வெளியில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

1997-ல் ஆர்தர் ஆரனும் சக ஆய்வாளர்களும் முன்பின் அறியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, வரவர அந்தரங்கமாகிக்கொண்டே போகும் 36 கேள்விகளை ஒருவருக்கொருவர் கேட்கச் செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் குறிப்பிடத்தக்க நெருக்கம் உண்டானது. மனதைத் திறந்து பேசினால் மனம் ஒட்டிக்கொள்கிறது. இணைய மோசடியிலும் இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் உண்மை பேசுகிறது. மனைவியைப் புற்றுநோயில் இழந்தவர், ஒரே மகளைத் தனியாக வளர்ப்பவர் என்பது அந்தப் பக்கத்தின் வாடிக்கையான கதை. இந்தப் பக்கத்துப் பெண்ணோ, யாரிடமும் சொல்லாத கணவனின் அடியைச் சொல்கிறாள். கலைந்துபோன கருவைச் சொல்கிறாள். அப்பா இறந்த அன்று தான் ஊரில் இல்லாததைச் சொல்கிறாள். அவள் சொல்லும் ஒவ்வொன்றும் அவளை வளைக்கும் கருவியாகிவிடுகிறது. அப்பாவின் அக்கறைக்கு ஏங்குபவள் என்று தெரிந்தால், மறுநாளிலிருந்து சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று செய்தி வரும். இந்த மோசடியில் ஆகக் கொடியது பணப்பறிப்புதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒருவரின் ஆறாத ரணத்தைக் கேட்டறிந்து, அதையே பிடித்துக்கொண்டு இழுப்பது அதைவிடக் கொடியது.

அடுத்தது தாளம். காலையில் கண் விழிக்கும்போது ஒரு செய்தி, இரவு தூங்கும் முன் ஒரு செய்தி, இடையில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன விசாரிப்புகள். பிறகு திடீரென்று இரண்டு நாள் மௌனம். என்ன ஆனதோ என்று தவிக்கும்போது, ஆஸ்பத்திரியில் இருந்தேன், உன் நினைவுதான் என்று ஒரு வரி வரும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட வலுவான பழக்கத்தை உண்டாக்கும் என்பதை பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். சூதாட்ட இயந்திரங்கள் இயங்குவது இந்த விதியில்தான். மூளைக்குள்ளும் இதற்கு இடம் இருக்கிறது. ஹெலன் ஃபிஷர் குழுவினர், காதலில் ஆழ்ந்திருந்தவர்களுக்கு அவர்களின் காதலர் படத்தைக் காட்டி எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தபோது, டோபமீன் சுரப்போடு தொடர்புடைய நடுமூளைப் பகுதி துலங்கியது. லண்டனில் செமிர் ஜெகியும் ஆந்திரியாஸ் பார்டெல்ஸும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அன்புக்குரியவரின் முகத்தைப் பார்க்கும்போது, பிறரை எடைபோடுவதோடும் எதிர்மறை உணர்ச்சிகளோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. எடைபோடும் வேலையை மூளையே தளர்த்திக்கொள்கிறது.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் நிஜக் காதலில் இருந்தவர்களாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். ஏமாற்றப்படுகிறவரும் நிஜக் காதலில்தான் இருக்கிறார். எதிரில் இருப்பவர் மட்டும்தான் பொய். இவர் மனதில் எழும் பாசம், ஏக்கம், பொறாமை, நிம்மதி எல்லாம் மெய். இதைப் புரிந்துகொள்ளாதவரை, இந்த மோசடியைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் பாதிக்கப்பட்டவர் காதில் ஏறாது.

இந்தியாவில் இது பல நேரங்களில் மேட்ரிமோனி தளங்கள் வழியே வருகிறது. மறுமணத்துக்குப் பதிவு செய்திருக்கும் பெண்ணிடம் லண்டன் டாக்டர் என்றோ, எண்ணெய்க் கிணறு இன்ஜினியர் என்றோ ஒருவர் பேச்சைத் தொடங்குகிறார். திருமணப் பேச்சு, அம்மாவிடம் அறிமுகம் செய்வதாக வாக்குறுதி, சில மாதங்கள். பிறகு ஒரு பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகச் செய்தி வரும். நகை, ஐபோன், கைப்பை எல்லாம் அடுக்கிவைத்த படமும் வரும். இரண்டு நாள் கழித்து டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸ் அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒரு பெண் குரல் அழைக்கும். தீர்வை கட்டினால் பார்சல் வந்துவிடும். தொகை சில ஆயிரம்தான். கட்டியதும், பார்சலுக்குள் பவுண்டு நோட்டுகள் இருக்கின்றன, சான்றிதழ் வாங்க இவ்வளவு ஆகும் என்பார்கள். தயங்கினால், கறுப்புப் பண வழக்கில் கைது செய்வோம் என்பார்கள். காதலில் தொடங்கியது இப்போது பயத்தில் நிற்கிறது. மேட்ரிமோனி தளங்கள் பயனாளர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று இந்திய அரசு 2016-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு இந்த ஆள்மாறாட்டத்துக்கு 3 ஆண்டுவரை சிறை என்கிறது. ஆனாலும் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் தொகை சிறியதாக இருப்பது தற்செயல் அல்ல. 1966-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஜோனதன் ஃபிரீட்மனும் ஸ்காட் ஃபிரேசரும், கவனமாக வண்டி ஓட்டுங்கள் என்ற பெரிய, அழகில்லாத பலகையை வீட்டு முன்புறத்தில் நட அனுமதிப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தார்கள். நேராகக் கேட்டபோது சம்மதித்தவர்கள் சுமார் 17 சதவீதம். இரண்டு வாரம் முன்னதாக அதே கருத்தைச் சொல்லும் சின்ன ஸ்டிக்கரை ஒட்டச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். சின்ன உதவி செய்தவர், நான் இப்படி உதவுகிறவன் என்று தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அடுத்த உதவி அந்த முடிவைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யப்படுகிறது.

போன பணமும் பேசத் தொடங்குகிறது. ஹால் ஆர்க்ஸும் கேதரின் ப்ளூமரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாடகப் பருவம் முழுவதற்குமான சீட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். செலவழித்ததை வீணாக்க மனம் ஒப்புவதில்லை. காதல் மோசடியில் இதன் பாரம் பல மடங்கு. இரண்டு லட்சம் அனுப்பியவர் மூன்றாவது லட்சத்தை மறுத்தால், முதல் இரண்டும் போயிற்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காதலும் போயிற்று என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதமாகத் தான் விடியும்வரை கண்விழித்துப் பேசியது ஒரு அந்நியனிடம் என்பதையும் ஏற்க வேண்டும். ஒரு தொகையைக் கூடுதலாக அனுப்புவது இதையெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முட்டாள்தனமாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்கு வலியைத் தள்ளிப்போடும் வழி.

உண்மை தெரிந்த பிறகு என்ன ஆகிறது? விட்டியும் புக்கானனும் பாதிக்கப்பட்ட 20 பேரிடம் விரிவாகப் பேசி 2016-ல் எழுதியதில், இது இரட்டை அடி என்ற முடிவுக்கு வந்தார்கள்: பணமும் போகிறது, உறவும் போகிறது. பலருக்குப் பணத்தைவிட உறவு போனதே பெரிய துயரமாக இருந்தது. தினமும் காலையில் விசாரித்த ஒருவர் இனி இல்லை. அவர் இறக்கவில்லை, பிரிந்தும் போகவில்லை, இருந்ததே இல்லை. இந்தத் துக்கத்துக்குச் சடங்கு கிடையாது, துக்கம் கேட்க வரும் உறவினர்களும் கிடையாது. சமூகம் துக்கமாகவே ஏற்றுக்கொள்ளாத இழப்புகளைப் பற்றி கென்னத் டோகா 1980-களில் எழுதினார். அந்த வகையில் இதைவிடக் கடுமையான ஒன்றை யோசிப்பது சிரமம். எல்லாம் தெரிந்த பின்னும் சிலர் அந்தப் பழைய செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அழக்கூடத் தங்களுக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார்கள்.

அப்படி நினைக்க வைப்பவர்கள் நாம்தான். பிரபல நடிகர் பிராட் பிட் தன்னோடு பேசுகிறார் என்று நம்பி 8,30,000 யூரோ இழந்த ஒரு பெண்ணின் கதையை 2025 ஜனவரியில் பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மறுநாளே சமூக ஊடகங்களில் அவரைக் கேலி செய்து வெள்ளமெனப் பதிவுகள் வந்தன. ஒரு கால்பந்து அணிகூடக் கேலிப் பதிவு போட்டு, பின்னர் நீக்கி மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த தொல்லையைக் கண்டு தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியையே விலக்கிக்கொண்டது. பிறரை எச்சரிக்கத் துணிந்து முன்வந்தவருக்குக் கிடைத்த பரிசு அது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை பேர், தன் கதையை யாரிடமும் சொல்வதில்லை என்று அன்றிரவு முடிவெடுத்திருப்பார்கள்? அந்த வாய்மூடலில் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் லாபம் சாதாரணமானதல்ல. அமெரிக்காவில் 2022-ல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி குறித்துப் புகார் செய்தார்கள். இழந்த தொகை 130 கோடி டாலர். இது வாய் திறந்தவர்களின் கணக்கு மட்டும்.

மறுமுனையில் இருப்பவர் யார் என்பதும் முன்புபோல் இல்லை. மியான்மரிலும் கம்போடியாவிலும் முள்வேலி சூழ்ந்த வளாகங்களில் ஆட்களை அடைத்து, அடித்து, இந்த அரட்டைகளை நடத்த வைக்கிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. மியான்மரில் சிக்கிய சுமார் 300 இந்தியர்களில் 50 பேர் தமிழர்கள் என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த வளாகங்களிலிருந்து நடக்கும் மோசடியில், காதல் வளர்ந்த பின் நேரடியாகப் பணம் கேட்பதில்லை. கிரிப்டோ முதலீட்டுச் செயலி ஒன்றைக் காட்டி, நாம் சேர்ந்து வாழப் பணம் சேர்ப்போம் என்கிறார்கள். செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால்தான் வராது. காதலிப்பதாக எழுதும் கையும் அடிக்குப் பயந்து எழுதுகிறது. இரண்டு முனையிலும் மனிதர்களைக் கசக்கிப் பிழிந்து நடுவில் ஒருவன் சம்பாதிக்கிறான். அவனைத் தொட எந்த நாட்டுச் சட்டமும் இன்னும் போதுமானதாக இல்லை என்பதே என் கருத்து.

வீட்டில் ஒருவர் இப்படிச் சிக்கியிருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், அவன் போலி என்று நிரூபிப்பதில் முதலில் இறங்காதீர்கள். நீங்கள் தாக்குவது அவர் நேசிப்பவரை. அவர் உங்களிடமிருந்து விலகி அந்தப் பக்கம் இன்னும் நெருங்குவார். யாரிடமும் சொல்லாதே, நம் உறவு இவர்களுக்குப் புரியாது என்று எதிர்முனை முன்பே சொல்லிவைத்திருக்கும். ரகசியமாக வை என்று கேட்பதும் பணம் கேட்பதும் ஒன்றுசேர்ந்தால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. வீடியோ காலில் முகம் தெரிந்தது என்பதெல்லாம் இப்போது ஆதாரமாகாது. முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கும் கருவிகள் வந்துவிட்டன. பணம் அனுப்புவதை ஒரு வாரம் மட்டும் நிறுத்திப் பார்ப்போம் என்று கேளுங்கள். அவர் என்னவெல்லாம் பேசினார் என்று கேட்டு, முழுக்கக் காது கொடுங்கள். உண்மை உடைந்த பிறகு, போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வக்கீல் பெயரிலும் போலீஸ் பெயரிலும் அடுத்த கூட்டம் வரும். பல நேரங்களில் அதே ஆட்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இந்தியா முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண் அது. பணம் இன்னும் வங்கிக் கணக்குகளுக்குள் இருந்தால் முடக்கி வைக்க அவர்களால் முடியும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அவமானத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அந்த அரட்டை முழுவதையும் அழித்துவிடுவது. தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்கள் பக்கம் பேச இருக்கும் முக்கியமான சான்று அது.